நாற்பது புத்தகத்துக்கு ஒரு சாண்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த அக்கா ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் நின்றபடி ஒரு வாடிக்கையாளருக்குப் புதுக் கண்ணாடி மாட்டிவிட்டார். வாடிக்கையாளர் குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார், பவர் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி அந்த லென்ஸை மெஷினில் வைத்து அளந்தார். பவர் துல்லியமாக இருந்தது. அப்புறம்தான் மேசைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, செருப்பு தரையிலும் கால் அதற்கு மேலேயுமாக இருப்பதைக் கண்டார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மேல் தட்டில் இருக்கும் ஃபிரேம்களைத் துடைக்கும் வேலையை அன்று முதல் அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

தள்ளுபடியில் எடுத்த மின்னூலைப் படிக்காமல் வைத்திருப்பவர் மேலே எழும்புவார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். கணக்கு, நாற்பது புத்தகத்துக்கு ஒரு சாண். இரண்டு மூன்று வைத்திருப்பவர்களுக்கு நடை கொஞ்சம் மெத்தென்று இருக்கும், அவ்வளவே. முழு விலை கொடுத்து வாங்கியதைப் படிக்காமல் வைத்திருந்தால் நேர்மாறு, நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்தது போல் கனக்கும். கடைசிப் பக்கத்தைத் தாண்டிவிட்டால் இரண்டும் சரியாகிவிடும். ஆகவே வாசகர்கள் பெரும்பாலும் தரையிலேயேதான் இருந்தார்கள். படிக்காமல் எடுத்து எடுத்து வைக்கும் அளவுக்கு யாருக்கும் கிறுக்குப் பிடிக்கவில்லை, அக்காவைத் தவிர.

அவருக்கும் அது ஆசையால் வந்ததில்லை, பொறுப்பால் வந்தது. போனில் அறுபது பேர் கொண்ட வாசகர் குழு ஒன்று இருந்தது. எந்த மின்னூல் இன்றைக்குப் பாதி விலை, எது பஸ் டிக்கெட் விலை, எது சும்மா என்று தேடிப் பிடித்துச் சொல்வது அக்காவின் வேலை. யாரும் கொடுத்த வேலையில்லை, அவராக இழுத்துப் போட்டுக்கொண்டது. ஆரம்பத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் அப்படியே குழுவில் போட்டார். அதை நம்பி ஒரு பஸ் கண்டக்டர் இலவசம் என்று அமுக்கிய புத்தகம், தள்ளுபடி நேரம் முடிந்துபோய் முழு விலைக்கு இறங்கியது. இன்னொரு தடவை அட்டையில் கொலைக்கதை என்றிருந்தது, உள்ளே இருநூறு பக்கமும் வெள்ளை. அன்றைக்கு அக்கா ஒரு விதி போட்டார். தான் இறக்கி, திறந்து, மூன்றாம் பக்கம் வரை புரட்டிப் பார்க்காத எதையும் குழுவில் போடக் கூடாது. மற்றவர்கள் அவர் சொன்னதில் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் படித்தார்கள். அவர் அலமாரியில் எல்லாமே சேர்ந்தன, எல்லாமே மூன்றாம் பக்கத்தோடு நின்றன. தேடுகிறவருக்குப் படிக்க ஏது நேரம்?

முன்னூறு புத்தகம் சேர்ந்தபோது அவர் தலை வீட்டின் உத்தரத்தைத் தொட்டது. கதவு நிலையில் கையை ஊன்றிக் குனிந்து, நீச்சலடிப்பவர் மாதிரி ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போய் வந்தார். கையைப் பிடித்து இழுத்தால் கீழே வருவார், விட்டால் மேலே போவார். அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் இடுப்பில் கட்டும் பாதுகாப்பு பெல்ட் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, வெளியே போகும்போது மாட்டிக்கொள்ளச் சொல்லி மனைவிக்குக் கொடுத்தார். பெல்ட்டின் கொக்கியைப் பிடித்தபடி அவர் மனைவியைக் கடை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்குப் போவது தெருவுக்குப் பழகிப்போயிற்று. ஆனால் அவருக்குள் பயம் இருந்தது. ஆயிரக்கணக்கான பேரை மேலே ஏற்றிப் பத்திரமாக இறக்கிய மனுஷர், தன் வீட்டு ஆளை இறக்கத் தெரியாமல் நின்றார். முழு விலையில் மூன்று புத்தகம் வாங்கிக் கொடுத்தால் அந்தக் கனம் இறக்கிவிடும் என்று யோசித்து வாங்கியும் கொடுத்தார். காசு கொடுத்து வாங்கியதை வீணாக்க மனம் வராமல் அக்கா அந்த மூன்றையும் நாலே நாளில் படித்து முடித்துவிட்டு மறுபடி உத்தரத்துக்குப் போய்விட்டார்.

"தேடுறத நிறுத்திடேன்," என்றார் கணவர் ஒருநாள், நிமிர்ந்து பார்த்தபடி. "அவங்கவங்க தேடிக்கட்டும். எனக்குக் கழுத்து வலிக்குது, அது கூடப் பரவால்ல. ஒருநாள் ஜன்னல் திறந்திருந்தா நான் எங்க போய் உன்னத் தேடறது?"

அக்கா நிறுத்தினார். பத்தொன்பது நாள் குழுவில் ஒரு புத்தகமும் வரவில்லை. கண்டக்டர் பழையதையே திரும்பப் படித்தார். குழுவில் மின்சார மீட்டர் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் மெஷினோடு நாலு மணி நேரம் கிடக்க வேண்டியவர். ஒரு கையில் ஊசி, மறு கையில் போன். மருந்துச் செலவுக்கு மேல் புத்தகத்துக்கென்று அவரிடம் எதுவும் மிஞ்சுவதில்லை. இருபதாம் நாள் அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "அக்கா, உங்கள தொந்தரவு பண்ணணும்னு இல்ல. இங்க எதிர் சுவத்துல தீயணைப்புக் கருவி எப்படி உபயோகிக்கணும்னு ஒரு போர்டு மாட்டியிருக்கு. இன்னிக்கு அத ஏழாவது தடவ படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்காங்க. முடிவு மட்டும் முன்னாடியே தெரிஞ்சுடுது." அக்கா அதை உத்தரத்தடியில் மிதந்தபடி இரண்டு முறை கேட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்குக் குழுவில் மூன்று புத்தகம் வந்தன. கணவர் பார்த்தார், பெல்ட்டின் தையலை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

ஒரு பழைய பதிப்பகம் தன் கடையை மூடும் நாளன்று, இத்தனை வருஷமாகப் போட்ட முன்னூற்றுப் பதினேழு சிறுநூல்களையும் மத்தியானம் பன்னிரண்டு மணி வரை இலவசமாகக் கொடுப்பதாக அறிவித்தது. பதினாறு பதினாறு பக்கம். தேனீ வளர்ப்பு, கடிதம் எழுதும் முறை, நட்சத்திரங்கள், மூட்டுவலி, ஆந்தைகள் என்று மனிதர்கள் கேட்கக்கூடிய எல்லாவற்றுக்கும் ஒரு நூல் இருந்தது. அக்கா கடைக்கு லீவு சொன்னார். வீட்டுக்குள் சிக்னல் இழுத்து இழுத்து வந்ததால் மொட்டைமாடிக்குப் போய், பெல்ட்டின் கொக்கியைத் துணி காயப்போடும் நைலான் கயிற்றில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக இறக்கி மூன்றாம் பக்கம் வரை பார்த்து அனுப்ப ஆரம்பித்தார். குழுவில் நன்றி நன்றி என்று வந்து விழுந்துகொண்டே இருந்தது. மீட்டர்காரர் ஆந்தையையும் நட்சத்திரத்தையும் எடுத்துக்கொண்டார். பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் கடைசி நூலை அனுப்பிவிட்டு அக்கா தலையை நிமிர்த்தினார். தண்ணீர்த் தொட்டியின் மூடியைக் கீழே பார்த்தார். கயிற்றின் ஒரு முனை கம்பத்திலிருந்து கழன்று அவரோடு வந்திருந்தது, மறுமுனை மட்டும் குழாயில் இருந்தது. மாடித் தரையிலிருந்து பதினைந்து சாண் உயரம்.

அவர் பதறவில்லை. கணவருக்கு போன் போட்டு, "என்னங்க, வேல முடிஞ்சா கொஞ்சம் மாடிக்கு வர்றீங்களா?" என்றார். பேசி முடித்ததும் போன் கை நழுவி மாடியில் விழுந்தது. கண்ணாடி கீறல் விட்டது, உயிர் போகவில்லை. லிஃப்ட்காரர் எந்த வேலையையும் முடிக்காமல் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கயிற்றைப் பிடித்து இழுத்தார். முன்னூறு புத்தகம் வரைக்கும் இழுத்த இழுப்புக்கு வந்தவர் அறுநூற்றுச் சொச்சத்துக்கு வரவில்லை. கப்பி மாட்டி இழுத்தார், கயிறுதான் நீண்டு மெலிந்தது. ஐந்து வருஷம் வெயிலில் காய்ந்த கயிறு. சாயங்காலக் காற்று வந்தால் தாங்காது என்று கயிறு தெரிந்த அவருக்குத் தெரிந்தது. அவர் அழுதார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அழுது அக்கா பார்த்ததில்லை, அன்றைக்கும் உயரத்திலிருந்து சரியாகத் தெரியவில்லை.

மேலே அக்காவுக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். தெருவில் போகிறவர்களின் உச்சந்தலைகள், காயும் துணிகளின் மறுபக்கம், பக்கத்து மாடியில் யாரோ காயவைத்து மறந்துபோன ஒற்றைக் காலுறை எல்லாம் அங்கிருந்து தெரிந்தன. சத்தங்கள் பஞ்சில் சுற்றியது போல வந்தன. தான் இறக்கிய புத்தகங்களெல்லாம் தன்னைச் சுற்றிலும் மூன்றாம் பக்கத்தில் திறந்து கிடப்பதாகவும், எதையும் எடுக்க அவசரமில்லை என்பதாகவும் அவருக்குத் தோன்றியது. "எறங்கி வந்துடு," என்று கணவர் கத்தியபோது, "இங்க நல்லாத்தாங்க இருக்கு," என்றார் தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி. பிறகு, "போன் கீழ கெடக்குது பாருங்க. படிக்கணும்னா கூடக் கையில ஒண்ணும் இல்ல. நீங்களாவது எதையாவது படிங்க, கேட்டுட்டு இருக்கேன்," என்றார்.

லிஃப்ட்காரர் பள்ளிக்கூடத்தை விட்டபின் மெஷின்களின் எச்சரிக்கைப் பலகையைத் தவிர எதையும் வாசித்ததில்லை. கீறல் விழுந்த திரையில் கைக்கு வந்ததைத் திறந்தார். தேனீ வளர்ப்பு. எழுத்துக் கூட்டி, நிறுத்தி, தப்பாகப் படித்ததைத் திரும்பப் படித்து, மேலே பார்த்துச் சத்தமாக வாசித்தார். ராணித்தேனீ கூட்டை விட்டுப் பறக்கும் இடத்தில் நிறுத்தி மேலே பார்த்தார். "அப்புறம்?" என்று மேலேயிருந்து கேட்டது. அவர் விட்ட வரியைத் தேடிப் பிடித்து வாசித்தார். பதினாறு பக்கம் முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசி வரி முடிந்தபோது அக்கா கால் விரற்கடை கீழே இறங்கியிருந்தார். புத்தகத்தை எடுத்தவர் காதில் விழும்படி இன்னொருவர் வாசித்தாலும் செல்லும் என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரியவந்தது.

அவர் அந்த போனிலேயே குழுவுக்கு நடந்ததைச் சொன்னார். "நான் அக்கா வீட்டுக்காரர் பேசறேன். எனக்கு வேகமாப் படிக்க வராது. நீங்கள்லாம் படிச்சவங்க." பத்து நிமிடத்தில் எல்லோரும் ஒரே அழைப்பில் சேர்ந்தார்கள். லிஃப்ட்காரர் போனின் ஒலியை முழுசாக வைத்துத் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்தார். அக்காவின் போனிலிருந்து அவர் அனுப்பியவற்றை ஆளுக்கு ஐந்தாறு நூல் என்று கண்டக்டர் பிரித்துக் கொடுத்துவிட்டுத் தன் பங்கை டிப்போவில் நின்றே ஆரம்பித்தார். அறுபது குரலும் ஒன்றோடொன்று கலந்து தகரத்தில் விழும் மழை போல் கேட்டன. மீட்டர்காரர் மெஷினோடு படுத்தபடி ஆந்தையில் தொடங்கி ஒன்பது நூல் வாசித்தார், நர்ஸ் தண்ணீர் கொடுத்த நேரம் தவிர நிறுத்தவில்லை. மூட்டுவலி வாசிக்கப்பட்ட நேரம் கீழ்வீட்டுக்காரர்களுக்குக் கால் லேசாயிற்று. கடிதம் எழுதும் முறை முடிந்ததும் தெருவில் இரண்டு பேர், பல வருஷம் பேசாமலிருந்தவர்களுக்கு எழுத உட்கார்ந்தார்கள். காற்று எழுந்தபோது கயிற்றில் மூன்று இழைதான் பாக்கி. முன்னூற்றுப் பதினேழாவது நூலின் கடைசி வரியை யார் வாசித்தது என்று யாருக்கும் தெரியாது. அக்காவின் கால் கைக்கு எட்டியதும் லிஃப்ட்காரர் கணுக்காலைப் பிடித்தார், பிடியை விடாமலேயே படியிறங்கி வீட்டுக்குள் கொண்டுவந்து ஜன்னல்களைச் சாத்தினார்.

"தேடறத நிறுத்திடறேங்க," என்றார் அக்கா.

"வேணாம்," என்றார் அவர். "நீ எடு. நான் படிக்கிறேன்."

அன்று தொடங்கித் தினமும் வேலை முடிந்து வந்ததும் கையைக் கழுவிவிட்டு அவர் உத்தரத்தைப் பார்த்து வாசிக்க உட்கார்ந்தார். காலையில் எடுத்தவற்றுக்கு ஈடாக அத்தனை, பழையதில் நாலைந்து நாளுக்கு ஒன்று கூட. குழுவினரும் முறை வைத்து போனில் வாசித்தார்கள். முதல் வருஷம் எழுத்துக் கூட்டினார், இரண்டாம் வருஷம் துரோகிகளுக்குத் தனிக் குரல் வைத்துக்கொண்டார், மூன்றாம் வருஷம் முடிவு பிடிக்காத கதைகளுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் திரிந்தார். கடல் கதை நடந்த வாரம் வீட்டுச் சுவரில் உப்புப் பூத்தது, துணியால் துடைத்தார்கள். அக்கா கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்துகொண்டிருந்தார்.

நாலாம் வருஷம் ஒரு சாயங்காலம் ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு லிஃப்ட்காரர் எழுந்து நின்றார். அக்காவின் முகம் அவர் முகத்துக்கு நேரே இருந்தது. அக்கா குட்டை. கல்யாணமான நாளிலிருந்து, அக்கா தரையில் இருந்தவரை, அவர் பேசியதெல்லாம் மனைவியின் வகிட்டைப் பார்த்துத்தான், அக்கா பேசியதெல்லாம் அவர் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்த்துத்தான். மனைவியின் இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருப்பதை அவர் முதல்தடவையாகப் பார்த்தார். அடுத்த புத்தகம் போனில் திறந்திருந்தது. அதை மூடி வைத்தார்.

"இன்னும் ஒரு சாண் இருக்குங்க தரைக்கு," என்றார் அக்கா.

"இருக்கட்டும்," என்றார் அவர்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எத்தனை எடுக்கிறார்களோ அத்தனைதான் வாசிக்கிறார்கள், கூட ஒன்று இல்லை, குறைய ஒன்று இல்லை. படிக்காத நாற்பது எப்போதும் நாற்பதாகவே இருக்கிறது. காலை ஆறு மணிக்குக் குழுவுக்குப் புத்தகம் தவறாமல் வருகிறது. புருஷன் பெண்சாதி இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள், சண்டையும் அப்படியே போடுகிறார்கள்.