மீசைக்கு வந்த ஆபத்து

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆட்டு நல்லி எலும்பை சுந்தரலிங்கம் கடித்தபோது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. எலும்பு அப்படியே இருந்தது.

“என்னப்பா சத்தம்?” என்றாள் மனைவி தவமலர்.

“எலும்பு.”

பல் என்று சொல்ல அவருக்கு வழியில்லை. மகளின் கல்யாணத்தில், வெள்ளவத்தை மண்டபத்தில், இருநூறு பேர் பார்க்க சோடாப் போத்தலைப் பல்லால் திறந்துவிட்டு, “இதில ஒரு பல்லு வெடிச்சா என்ர மீசையை எடுக்கிறன்” என்று சபதம் செய்திருந்தார். அந்த மீசைக்கு முப்பத்தொரு வயது. பெண் பார்க்கப் போனபோதே முறுக்கி விட்டுக்கொண்டுதான் போனார். கல்யாணமான நாள்முதல் தவமலர் எலும்பு கடிக்காதீங்கோ என்பாள். அவர் அவளுக்கு எதிரிலேயே ஐஸ்கட்டியை நறுக்கென்று கடித்துக் காட்டுவார்.

இப்போது அந்தப் பல் அவரை விசித்திரமாகப் பழிவாங்கியது. கடிக்கும்போது ஒன்றும் செய்யாது. கடித்ததை விடும்போதுதான் கண்ணுக்குள் மின்னல் வெட்டும். ஐந்து நாள் பேக்கரிப் பாணைத் தேநீரில் தோய்த்து இடப்பக்கமாக மென்றார். வெள்ளிக்கிழமை பின்னேரம், தவமலர் கோயிலுக்குப் புறப்பட்டுப் போன கையோடு, லைப்ரரிக்குப் போவதாக அவளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டு, வாகனங்கள் நெரியும் காலி வீதியைக் கடந்து பல் வைத்தியரிடம் போனார்.

எட்டாம் நம்பர் துண்டு கிடைத்தது. வாங்குப் பலகையில், கைப்பையை மடியில் வைத்தபடி, ஏழாம் நம்பரோடு தவமலர் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு ரயில் கடற்கரைப் பக்கமாகப் போய் முடியும்வரை நின்றுவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கோயிலை இஞ்சை மாத்திட்டினமோ?” என்றார் அவர்.

“ஓம். லைப்ரரிக்குப் பக்கத்தில.”

டொக்டர் நஸ்லா கதவைத் திறந்து பார்த்தார். “ரெண்டு பேரும் ஒரே வீடா? அப்ப சேர்ந்தே வாங்க.”

அவரைத்தான் முதலில் நாற்காலியில் சாய்த்தார். சின்னப் பிளாஸ்டிக் துண்டொன்றை மேற்பல்லுக்கடியில் வைத்து, “கடிங்க அங்கிள். இப்ப மெதுவா விடுங்க” என்றார்.

விட்டார். வாசலில் காத்திருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள்.

பல்லில் நீலச்சாயம் தடவிக் கண்ணாடியில் காட்டியபோது, தலைமுடி இழைபோல ஒரு கோடு தெரிந்தது. “எதைக் கடிச்சீங்க?”

“பாண்.”

“எலும்பு டொக்டர்,” என்றாள் தவமலர். “அதுக்கு முந்தி சோடா மூடி. அதுக்கு முந்தி ஐஸ்.”

“நல்லவேளை, வேருக்கு இறங்கல்ல. கவசம் போட்டாப் பல்லு தப்பும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தாப் பிடுங்கத்தான்.”

அடுத்து தவமலர் வாயைத் திறந்தாள். டொக்டர் வெகுநேரம் பார்த்தார். கடைவாய்ப் பற்களின் தலைகள் தேய்ந்து தட்டையாகிக் கிடந்தன. ஒன்றில் அதே மாதிரிக் கோடு. “ஆன்ட்டி, நித்திரையில பல்லை நெரிக்கிறீங்க. பல வருசமா நெரிச்சிருக்கீங்க. மனசுல ஏதும் கோவமா?”

தவமலர் தலையை மெதுவாகத் திருப்பிக் கணவனைப் பார்த்தாள். டொக்டரும் பார்த்தார். தாதியும் பார்த்தாள். சுந்தரலிங்கம் சுவரில் இருந்த பற்களின் படத்தைப் பார்த்தார்.

அவருக்கு ஊசி போட்டு, பல்லை அராவி, தற்காலிகக் கவசம் வைத்தார்கள். அவளுக்கு இரவில் பல்லுக்கு மாட்டும் உறைக்கு அளவெடுத்தார்கள்.

வெளியே வந்ததும் அவர் தொண்டையைச் செருமினார். மேலுதடு மரத்துப்போய்ச் சொற்கள் குழறின. “சரி. நாளைக்கு சலூனுக்குப் போறன்.”

“மீசை கிடக்கட்டும்,” என்றாள். “உந்தக் குறட்டைக்கு ஒரு டொக்டரைப் பாருங்கோ.”

நடந்தார்கள். உதட்டில் உணர்ச்சியே இல்லாததால் அவருக்குச் சந்தேகமாக இருந்தது. பத்தடிக்கு ஒருதரம் விரலால் மூக்குக்குக் கீழே தடவிப் பார்த்தார்.

“இருக்கோ?”

“இருக்கு, இருக்கு.”

இன்னும் பத்தடி போய் மறுபடியும் தடவினார். இம்முறை தவமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடற்காற்று சில்லென்று வாய்க்குள் புகுந்து பல்லில் கூசியது, கன்னத்தைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு நிற்கவில்லை.