மெத்தைக்காரரின் ஒற்றைக் கோடு

ரத்தம் எடுக்கும் மேஜையில் பேரம் பேசுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சோதனை போதும் என்று வாதாடியவர் மெத்தைக்காரர் ஒருவர்தான்.

எங்கள் கிளினிக்குக்குப் பின்தெருவில் அவர் பஞ்சு அடைப்பார், அவர் மனைவி உறை தைப்பார். அன்றைக்கு இரண்டு பேரும் காய்ச்சலோடு வந்தார்கள். அவருக்குத் தலையெல்லாம் பஞ்சு, விடாத இருமல். அந்த அக்கா பல் கிடுகிடுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"சிஸ்டர், ரெண்டு பேருக்கும் மலேரியா மாத்திரை குடுங்க, போயிடறோம்."

"டெஸ்ட் பண்ணாம டாக்டர் எழுத மாட்டார்ணே."

"ரெண்டு டெஸ்டுக்குக் குடுக்கிற காசுல ஒருத்தருக்கு மாத்திரையே வந்துடுமே!"

கணக்கு சரிதான். அவர் கொண்டுவந்ததோ இரண்டு பேருக்கு மாத்திரை வாங்கும் பணம் மட்டும்.

"அப்ப ஒருத்தருக்கு மட்டும் பாருங்க. ஒரே மெத்தை, ஒரே கொசு. போன தடவை ஒருத்தர் மாத்திரையையே ஆளுக்குப் பாதி போட்டுக்கிட்டோம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அது என்ன மிட்டாயா, பங்கு போட? அரைகுறையா முழுங்கினா காய்ச்சல் திரும்ப வரும்ணே."

"வந்துச்சு," என்றார் அக்கா மெல்ல.

யார் விரலைக் குத்துவது என்று அடுத்த ரகளை. அவர் மனைவியைக் கை காட்ட, மனைவி அவரைக் கை காட்ட, கடைசியில் அக்காதான் ஜெயித்தார்.

"அவருக்கே பாருங்க. நான் எப்படியாவது சமாளிச்சுக்குவேன்."

இப்படிச் சொல்லும் பெண்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாகவும் வரும், அழுகையாகவும் வரும். மெத்தைக்காரர் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதனைக் கிட்டில் விட்டேன். மலேரியா இருந்தால் இரண்டு கோடு தெரிய வேண்டும். கால் மணி நேரம் காத்திருந்தும் ஒன்றுதான் தெரிந்தது.

"உங்களுக்கு மலேரியா இல்லண்ணே."

வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவர் முகம் தொங்கிப்போயிற்று.

"ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சுக்கவா காசு குடுத்தேன்? தண்டம்!" என்றவர் மனைவி பக்கம் திரும்பினார். "எழுந்திரு. உனக்கும் இருக்காது."

அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். முடியவில்லை. மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"அவருக்கு இல்லன்னுதான் சொன்னேன். நீங்க கையை நீட்டுங்கக்கா," என்றேன்.

மனைவியையே பார்த்துக்கொண்டு நின்ற மெத்தைக்காரர், பையில் கையை விட்டு அடுத்த சோதனைக்கான பணத்தைத் தானாகவே மேஜையில் வைத்தார்.

அக்காவின் கிட்டில் இரண்டு கோடும் பளிச்சென்று விழுந்தன.

டாக்டர் இருவரையும் பார்த்தார். மெத்தைக்காரருக்குப் பஞ்சுத்தூசியில் நெஞ்சு கட்டியிருந்தது. தன் மேஜையிலிருந்தே ஒரு மருந்து கொடுத்து, மூக்கில் துணி கட்டாமல் வேலை செய்யக் கூடாது, காய்ச்சல் விடாவிட்டால் திரும்ப வர வேண்டும் என்றார். அக்காவுக்கு மலேரியா மாத்திரை எழுதினார். மிச்சமிருந்த பணம் அதற்குச் சரியாக இருந்தது.

முதல் வேளையை என் கண் முன்னாலேயே போடச் சொன்னேன். அக்கா முழுங்கினார். முழுங்கிய கையோடு மாத்திரை அட்டையை நடுவில் மடித்துக் கிழிக்க ஆரம்பித்தார்.

"இந்தாங்க, உங்க பங்கு."

நான் கத்துவதற்குள் மெத்தைக்காரர் முந்திக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து மனைவியின் முகத்துக்கு நேராக நீட்டினார். அவருடைய கிட்! குப்பைக்கூடைக்குப் போக வேண்டியதை எப்போது சுருட்டினார் என்று தெரியவில்லை.

"பாரு, ஒரு கோடு. எனக்கு இல்ல. காசு குடுத்துத் தெரிஞ்சுக்கிட்டு வந்திருக்கேன். எல்லாம் நீதான் முழுங்கணும்."

அக்கா அட்டையைக் கிழிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

"அதை இங்க குடுங்கண்ணே, ரத்தம் பட்டது. குப்பையில போடணும்."

அவர் கையை இழுத்துக்கொண்டார். "மாத்திரை தீர்ற வரைக்கும் இருக்கட்டும் சிஸ்டர். வீட்டுக்குப் போனா மறுபடி பங்கு போடுவா."

ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாயை இறுக்க ஒட்டிக் கொடுத்தேன்.