விடிவதற்குள் நாமக்கல்

மோகனூர் நாச்சிமுத்து மேட்டூருக்குச் சைக்கிளில் போகத் திட்டம் போட்ட அழகைப் பார்த்தவர்கள், மனிதன் காசிக்கே கிளம்புகிறான் போலிருக்கிறது என்று சிரித்தார்கள். அவனா கேட்பான்? காவிரித் தண்ணீரை மலை மாதிரிச் சுவர் எழுப்பிக் கட்டி வைத்திருக்கிறார்களாமே, அதை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் அவன் மனைவி சௌந்திரம். கல்யாணமான நாளாய் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

தனியாளாக அவன் ஒரு நாளில் ஐம்பது மைல் மிதித்துவிடுவான். பின்னால் ஆள் உட்கார்ந்தால்? சௌந்திரத்தின் எடைக்குக் கடலைக்காய் மூட்டை கட்டிக் கேரியரில் ஏற்றிக்கொண்டு பரமத்தி வரை போய் வந்தான். மேட்டில் இறங்கித் தள்ளினான், எதிர்க்காற்றில் நாக்குத் தள்ளியது. கடைசியில் நாளுக்கு முப்பது மைலுக்கு மேல் ஆசைப்படக் கூடாது என்று முடிவு செய்தான். நேரத்தையும் குறித்துக்கொண்டு பெருமையாக அவளிடம் ஒப்பித்தான்.

"கோழி கூப்பிடறதுக்கு முன்னாலயே கெளம்பறோம். விடியறதுக்குள்ள நாமக்கல்லைத் தாண்டிப்புடறோம். நடு வெயில்ல ஒரு தோப்புல நல்லாப் படுத்துக்கலாம். இருட்டுன பொறவு உங்கூரைத் தாண்டித் திருச்செங்கோடு. சத்திரத்துல தங்கிக்கலாம். எப்படிப் புள்ள?"

சௌந்திரம் கேட்டாள்:

"ஏனுங்க, நாமக்கல்லுல உங்க பங்காளி மண்டி இருக்குது, அதைத் தாண்டறப்ப இருட்டு. எங்கூருக்குப் போறப்பவும் இருட்டு. நம்மள ஆருக்கும் தெரியாத ஊருல மட்டும் பகல்லீங்களா?"

உண்மைதான். நாச்சிமுத்துவின் சொந்தத்தில் ஒருவனும் பெண்டாட்டியைச் சைக்கிளில் ஏற்றியதில்லை. மண்டிக்காரர் செங்கோட்டையன் வாயில் விழுந்தால் பிழைக்க முடியாது. என்றோ ஒரு மழையில் பெண்டாட்டிக்குக் குடை பிடித்தவனைக் கேலி பேசுவதை அவர் இன்னும் விட்டபாடில்லை.

"ஊர்ச்சனம் ஒரு மாதிரி பேசும், புள்ள."

"அந்தக் கடலைக்காய் மூட்டையப் பட்டப்பகல்லதான ஏத்திட்டுப் போனீங்க? அதுக்கு இருந்த மருவாதி எனக்கு இல்லீங்களா? அணை எங்கயும் ஓடிப் போவாது. நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடச் சமாளித்திருப்பான். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவளில்லாமல் மேட்டூரில் அவனுக்கு என்ன வேலை?

குறித்த நாள் வந்தது. கோழி கூப்பிட்டது, நாச்சிமுத்து புரண்டு படுத்தான். பயணம் நின்றுபோனது என்றே சௌந்திரம் நினைத்து வாசல் தெளித்தாள். நன்றாகப் பொழுது கிளம்பிய பிறகு அவன் எழுந்து, முகம் கழுவி, ஜமக்காளத்தை நாலாய் மடித்துக் கேரியரில் கட்டினான்.

"கெளம்பு புள்ள."

"வெடிஞ்சு போச்சுங்களே!"

"வெடியட்டும்னுதான் படுத்திருந்தேன்."

அவள் சேலை மாற்றி, சோறும் கட்டிக்கொண்டு வந்த வேகம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

நாமக்கல் கடைவீதியில் சரியான கூட்டம். மண்டி வாசலில் செங்கோட்டையன் நின்றிருந்தார். நாச்சிமுத்துவுக்குக் காது சூடேறியது. ஆனாலும் வேகத்தைக் கூட்டவில்லை.

"ஏம்ப்பா, என்ன இது கூத்து?" என்றார் அவர்.

"கூத்தெல்லாம் இல்லீங்கண்ணா. இவ மேட்டூர் பாக்கோணும்னா, கூட்டிட்டுப் போறேன்."

அவருக்கு அடுத்த வார்த்தை கிடைப்பதற்குள் சைக்கிள் போய்விட்டது. நாலு நாளில் வார்த்தை கிடைத்துவிடும், கேட்டுக்கொண்டால் போகிறது என்று நாச்சிமுத்து நினைத்தான். எதிர்பார்த்த அளவுக்கு அவர் பேச்சு வலிக்கவில்லை.

தோப்பில் படுக்கவில்லை. கட்டுச்சோற்றை அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு வெயிலிலேயே மிதித்தான். இருட்டுவதற்குள் அவள் ஊர் வர வேண்டுமே. முதுகு நனைந்தது, தொடை கடுத்தது, மனம் மட்டும் நிறைந்திருந்தது.

அவள் ஊருக்குள் நுழைந்தபோது பொழுது மேற்கே இன்னும் இருந்தது. கிணற்றடியில் நின்ற பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். "அடியே, நம்ம சௌந்திரம்!" என்று ஒருத்தி கூவினாள். சௌந்திரம் தலையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீதி சின்னது, சட்டென்று முடிந்துவிட்டது.

"ஏனுங்க," என்றாள் மெதுவாக, "இன்னொருக்கா இந்த வழியா வரலாமுங்களா?"

நாச்சிமுத்து சைக்கிளைத் திருப்பினான்.