கீழ்த்தட்டு மாவு

மழைத் தண்ணீர் நொச்சிக்குப்பத்து வீடுகளுக்குள் புகுந்துவிட்டது என்று எங்கள் மேற்கு மாம்பலம் தெருச் சங்கத்தில் சாப்பாட்டுச் சாமான் சேர்த்தார்கள். பிரிக்காத பாக்கெட்தான் வேண்டும் என்று கண்டிப்பு. எங்கள் வீட்டில் அதற்கா பஞ்சம்? என் மாமியார் தங்கம் மளிகைக் கடைக்காரர். மூட்டை மாவை வீட்டிலேயே நிறுத்து, அரைக் கிலோ கவர்களில் போட்டு, மெஷினில் ஒட்டிவிடுவார்.

மேல்தட்டில் போன வாரம் அரைத்த கோதுமை மாவு இருந்தது. கை அதன்மேல் போய்த் திரும்பி வந்தது. தானத்துக்குத்தானே என்று, கீழ்த்தட்டு மூலையில் கிடந்த பழைய பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். கஞ்சத்தனம்தான், இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மதியம் அத்தை அடுக்களையிலிருந்து கத்தினார். "ஏட்டி சரண்யா, கீழ வச்சிருந்த கரப்பான் மாவ எங்க?"

கரப்பான் பூச்சியைக் கொல்ல மாவில் சர்க்கரையும் போரிக் பவுடரும் கலந்து, மழை ஈரத்துக்குப் பயந்து அதையும் கவரில் ஒட்டி வைத்திருக்கிறார். எந்தத் தட்டில் எது என்பது அவருக்கு மனப்பாடம். கவர்மேல் ஓர் எழுத்து கிடையாது.

சங்கத்து மதிவாணனுக்குப் போன் போட்டு, மாவு யாருக்குப் போனது என்று கேட்டேன்.

"கோதுமை மாவு ஒண்ணே ஒண்ணுதான் மேடம் வந்துச்சு. பொன்மணின்னு ஒரு அம்மா கேட்டு வாங்கினாங்க. ஏன் மேடம்?"

விஷம் என்று சொல்ல வெட்கப்பட்டு, போனை வைத்தேன். ஆட்டோ பிடித்தேன்.

லஸ் சிக்னலில் ஆட்டோ நின்றது. நின்ற ஒவ்வொரு நிமிஷமும் யாரோ ஒரு பிள்ளை வாயைத் திறப்பது போலவே இருந்தது. யாரும் சாப்பிட்டிருக்கக் கூடாது பிள்ளையாரே, யாரும் சாப்பிட்டிருக்கக் கூடாது.

விசாரித்துப் போனபோது பொன்மணி வாசலில் மீன் கூடை கழுவிக்கொண்டிருந்தார்.

"மாவாக்கா? என் பங்கு அப்டியே கீது. பாதிய பக்கத்து வூட்டு ஸ்வர்ணலதாவுக்குக் குட்த்தேன். அது வூட்ல மூணு புள்ளீங்க, காலைலருந்து பட்டினி. இன்னாக்கா, ஏன் கேக்கற?"

பக்கத்து வீட்டிலிருந்து எண்ணெய் வாசனை வந்தது. "உங்க பங்கத் தொடாதீங்க!" என்று கத்திவிட்டு ஓடினேன். சின்னவள் பூரியைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோனாள். தட்டிவிட்டேன். அடி அவள் கன்னத்திலும் விழுந்தது.

"திங்காத! கரப்பானுக்கு வச்ச மருந்து அது! யாராவது தின்னீங்களா?"

"இல்ல, இப்பத்தான் மொத பூரி."

ஸ்வர்ணலதா அடுப்பை அணைத்தாள். மூன்று பிள்ளைகளின் வாயிலும் விரலை விட்டுத் துழாவினாள். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"எங்களுக்குன்னா பாத்துக் குடுக்க மாட்டியாம்மா?"

பார்த்துத்தான் கொடுத்தேன். பழையது எது என்று பார்த்து.