சுபோதினியின் குரல் குறைந்த விதம்

என் மனைவி பத்மாவதியின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியின் மதிய போசனத்துக்குக் கொழும்பு வெள்ளவத்தை மண்டபத்தில் நூற்றிருபது பேர் வரை வந்திருந்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் ஐந்து பேர்தான்: சிவபாதசுந்தரமாகிய நான், கொள்ளி வைத்த மகன் சாரங்கன், மகள் மயூரி, கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த பத்மாவதியின் தங்கை சுபோதினி, சாரங்கனோடு மாளிகாவத்தையில் ஒலிப்பதிவுக்கூடம் நடத்தும் தாஸிம். வேறு எவராவது தானும் பக்கத்தில் இருந்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

சுபோதினி பதினொரு வருடமாக எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. மயூரியின் கலியாணக் கார்டில் சுபோதினியின் கணவரின் பெயரை நான் போடவில்லை. காரணம் குடும்பத்துக்குள் இருக்கவேண்டியது. அதை இங்கே எழுதமாட்டேன்.

நோய் முற்றியிருந்த நேரத்தில் பத்மாவதி எனக்குச் சொல்லாமல் சாரங்கனைக் கூட்டிக்கொண்டு தங்கையிடம் போயிருக்கிறாள். இருவரும் சிறுவயதில் பாடிய தேவாரம் ஒன்றைச் சேர்ந்து பாட, மகன் பதிவு செய்தான். பத்மாவதியின் குரல் மெல்லியது, மேலே ஏறும். சுபோதினியின் குரல் கனத்தது, கீழே நின்று தாங்கும். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் பத்மாவதி மகனிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"ரெண்டு குரலும் சமனாக் கேட்கோணும் தம்பி. அப்பதான் அவள் திரும்பி வீட்டுப் பக்கம் வருவாள்."

அந்தியேட்டியன்று அதை மண்டபத்தில் போடுவதென்று முடிவாகியது. சுபோதினியும் வருகிறேன் என்று மயூரிக்குச் சொல்லியனுப்பினாள்.

கொள்ளி வைத்தவன் முப்பத்தொரு நாளும் வெளிவேலைக்குப் போகக்கூடாது என்பது எங்கள் வீட்டு ஒழுங்கு. அதனால் சாரங்கன் கூடத்துக்குப் போகாமல், அறையிலே லப்டொப்பை வைத்துக்கொண்டு இரண்டு குரல்களையும் சுருதியையும் மிக்ஸ் செய்தான். தலையில் பெரிய கறுப்பு ஹெட்போன். வெக்கைக்குக் கதவு திறந்திருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முன்கூடத்தில் இருந்தபடியே அவனைப் பார்த்தார்கள். ஒருவர், பிள்ளை பாட்டுக் கேட்டு மனதை ஆற்றுகிறார் போல என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் போனதும் அறைக்குள் போனேன்.

"கொள்ளி வைச்சவனுக்குத் தலையிலை என்ன கிரீடம்? கழற்று."

அம்மாவின் வேலைதானே செய்கிறேன் என்றான். நான் கையை நீட்டினேன். கழற்றினான்.

மறுநாள் அவன் காதுக்குள் சிறிய கருவிகளை வைத்திருந்தான். மேடையில் பாடுபவர்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்பதற்காகக் காதுத் துளையை அடைத்து வைத்துக்கொள்ளும் இன்-இயர் மொனிட்டர். முடி மறைத்தது. வந்தவர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

இருபத்தேழாம் நாள் தாஸிம் வந்தான். மிக்ஸைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"மச்சான், இதுல மிக்ஸ் பண்ணாத. காத அடச்சிக்கிட்டு கீழ்க் குரல ஊதிக் காட்டும். கூடிப்போச்சுன்னு நீ குறைப்ப. ஸ்பீக்கர்ல போட்டா அந்த ஆளே இருக்காது."

ஹெட்போனிலும் பிழை வரும், ஆனால் அதன் பிழை தங்களுக்குப் பழகிய பிழை என்று எனக்கு விளங்கப்படுத்தினான். எல்லாவற்றிலும் நல்லது கூடத்து ஸ்பீக்கரில் ஒருமுறை போட்டுப் பார்ப்பது. அரை மணித்தியாலம் போதும், தானே வாகனத்தில் கூட்டிப் போய்க் கொண்டுவந்து விடுகிறேன் என்றான். சாரங்கன் என்னைப் பார்த்தான். முப்பத்தொன்று முடியட்டும் என்றேன்.

"முடிஞ்ச பொறகு யாருக்கு அங்கிள் போட்டுக் காட்டுற?" என்று தாஸிம் சிரித்தான். நாங்கள் சிரிக்கவில்லை.

மண்டபத்தில் இலை போடுவதற்கு முன் தேவாரம் ஒலித்தது. பத்மாவதியின் குரல் கூரை வரை நிறைந்தது. சுபோதினியின் குரல் சுவருக்கு அப்பால் யாரோ முனகுவதுபோல இருந்தது. இரண்டாம் அடியில் அதுவும் இல்லை. சுபோதினி ஸ்பீக்கரைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த, அக்காவின் நினைவாக அச்சிட்டுக் கொடுத்த கல்வெட்டுப் புத்தகத்தைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினாள்.

"அக்கா சாகப் போற நேரத்திலையும் என்ரை குரலைத் தேடி வந்தவ. நீங்கள் அவவின்ரை அந்தியேட்டியிலையும் கேட்க விடேல்லை, அத்தான்."

சாரங்கன் சின்னம்மா என்று எழுந்தான். நான் அவனுடைய கையைப் பிடித்து இருத்தினேன். அத்தனை பேருக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கதை வேண்டாம் என்று நினைத்தேன். அவள் சாப்பிடாமல் போனாள். அந்தியேட்டிச் சோற்றை உண்ணாமல் போனவர் எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் இல்லை.

அடுத்த வாரம் சாரங்கன் கூடத்து ஸ்பீக்கரில் கேட்டு இரண்டு குரலையும் சமனாக்கி அவளுக்கு அனுப்பினான். நன்றாகத்தான் இருந்தது. நான் முழுவதும் கேட்டேன். அவள் இன்னும் அதைத் திறக்கவில்லை. மயூரி கொட்டாஞ்சேனைக்குப் போனாள், கதவு திறபடவில்லை. சாரங்கன் இப்போது என்னோடு தேவைக்கு மட்டும் கதைக்கிறான். ஹெட்போனை அவன் வீட்டில் போடுவதில்லை.

தகப்பனும் மகனும் பேசிவைத்துச் சுபோதினியின் குரலை வெட்டினார்கள் என்று வெள்ளவத்தைக் காலி வீதியில் ஒரு கதை உலாவுகிறது. அது பொய். என் மகன் வெட்டவில்லை. அவனுடைய ஹெட்போனைக் கழற்றச் சொன்னவன் நான். ஸ்பீக்கரில் கேட்கப் போகவிடாதவனும் நான். மண்டபத்தில் அதைச் சொல்லாமல் இருந்தவனும் நான்தான்.