கொக்கு காயப்போட்ட துணி

"எண்பது" என்றான் கந்தவேல், தறிக்குழிக்குள் காலை இறக்கிக்கொண்டே.

"நாப்பது" என்றாள் பெரியநாயகி. அவள் ராட்டையைச் சுற்றித் தார்க்குச்சியில் நூல் ஏற்றிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் சினிமாக் கொட்டகையிலிருந்து திரும்பும்போது தொடங்கிய பேச்சு, விடிந்தும் முடியவில்லை.

"எதுக்கு நாப்பது?"

"ஈரத்துணிக்கும் காஞ்ச துணிக்கும் வித்தியாசம் தெரியாதவன் வரைஞ்சதுக்கு எப்படிங்க எண்பது குடுக்கறது? அந்தப் பொம்மைப் படத்துல கொக்கு தொட்டியில முக்கி எடுத்துக் கவுத்துல போடுது. போட்டவுடனே பட்டம் மாதிரி பறக்குது. அப்படி ஒரு துணியை நீங்க பாத்திருக்கீங்களா?"

"நீ சரியாப் பாக்கல புள்ள. மொதல்ல சொட்டுச்சு. கனத்துல கவுறே தொங்கிப் போச்சு. அப்பறந்தான் காத்து வந்துச்சு."

"சொட்டவே இல்லீங்க."

"உனக்கு முன்னால எவளாச்சும் எந்திரிச்சு நின்னிருப்பா."

ஒருத்தி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றது உண்மைதான். அதைப் பெரியநாயகி ஒப்புக்கொள்ளவில்லை. கண்மூடித் திறக்கிற நேரம்தானே, அதற்குள் ஒரு துணி சொட்டி முடித்துவிடுமா என்று அவளுக்குள்ளேயே கேட்டுக்கொண்டாள்.

"செரி, இன்னிக்கு மறுக்காப் போயிப் பாத்துட்டுப் பேசிக்கலாம்" என்று கந்தவேல் பாவு இழைகளுக்கு நடுவே நாடாவை எறிந்தான்.

உச்சிவேளைக்குத் தலை வலிக்கிறது என்று குழியை விட்டு எழுந்தான். சாயங்காலம் உடம்பு கொதித்தது. இரண்டு நாளில் போய்விடும் என்று நினைத்த காய்ச்சல் விஷக்காய்ச்சலாக நின்றது. தறியில் ஓடிக்கொண்டிருந்த பாவு முடிவதற்குள் அவன் முடிந்துபோனான்.

யுத்தத்தால் நூல் கட்டுப்பாடு வந்த வருஷம் அது. இராசிபுரத்தில் பாதித் தறிகள் சும்மா கிடந்தன. வேலை இல்லாத நெசவாளிகள் எல்லாரும் சாயங்காலமானால் ஊருக்கு வெளியே போட்டிருந்த டூரிங் கொட்டகைக்குப் போனார்கள். பாட்டுக்காகச் சிலர், சண்டைக்காகச் சிலர், ராஜபார்ட்டின் மீசைக்காகச் சிலர். இந்தப் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டுகிற ஒரு ரீல் பொம்மைப் படத்துக்காகப் போனார்கள். எலி ஓடும், வாத்து குடை பிடிக்கும், பன்றி பீப்பாய்க்குள் விழும். அது முடிந்ததும் கந்தவேல் எழுந்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் நிற்பான். அவளும் வந்துவிடுவாள். வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன் ஒவ்வொரு தடவையும், "ஏனுங்க, இன்னும் படமே போடலீங்களே" என்பான்.

வெள்ளைக்காரன் எங்கோ உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் வரைந்தது அது என்று கந்தவேலுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து அவனுக்குப் பித்து. கரையில் ஒரு பூ எத்தனை இழைக்கு ஒருதரம் திரும்பி வருகிறது என்று பார்த்துப் பழகிய கண் அவர்களுக்கு. எலி ஓடும்போது பின்னால் போகிற மரம் மறுபடி மறுபடி அதே மரம்தான் என்பதை முதல் நாளே பிடித்துவிட்டார்கள். குண்டு மிருகம் குதித்தால் தரை அதற்கு ஏற்ற மாதிரி அதிர்கிறதா, ஓடுகிறவனோடு நிழலும் ஓடுகிறதா, கோடு நடுங்குகிறதா. இப்படிப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு படத்துக்கும் நூல் நம்பர் போட்டார்கள். முரட்டு வேலை இருபதாம் நம்பர். சுமார் என்றால் நாற்பது. நயமான வேலை அறுபது, எண்பது. நூறாம் நம்பர் எதற்கும் கொடுத்ததில்லை.

கொட்டகையில் தரை டிக்கெட்டுக்கு ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் மூங்கில் தட்டி. படம் முடிந்த உடனே கந்தவேல் தட்டிக்கு மேலே கையை நீட்டி விரலைக் காட்டுவான். நாலு விரல் என்றால் நாற்பது. அவளும் இந்தப் பக்கத்திலிருந்து காட்டுவாள். இரண்டும் ஒத்துப்போனால் அதுதான் நம்பர். ஒத்துப்போகாவிட்டால் பேசுவார்கள், பேசியும் தீராவிட்டால் மறுபடி பார்ப்பார்கள். ஒருவருக்காக இன்னொருவர் விட்டுக்கொடுக்கக் கூடாது. கலியாணமான புதிதில் ஒருதடவை, வாத்துப் படத்துக்கு அவள் சும்மா அவன் சொன்னதற்குத் தலையாட்டினாள். அதைக் கண்டுபிடித்து அவன் இரண்டு நாள் பேசாமல் இருந்தான்.

கொக்குப் படம்தான் கடைசி. அன்றைக்குத் தட்டிக்கு மேலே எட்டு விரல் தெரிந்தது. இவள் நாலு காட்டினாள்.

அவன் போன பிறகு, பேசி முடிக்காத அந்த ஒரு விஷயம் பெரியநாயகியின் நெஞ்சில் முள்ளாக நின்றது. அழுவதற்கு எல்லாரும் துணைக்கு வந்தார்கள். இதற்கு யாரும் துணை இல்லை. அந்தத் துணி சொட்டியதா இல்லையா? இன்னொரு தடவை பார்த்தால் தெரிந்துவிடும். கொட்டகையும் ஊரிலேயேதான் இருக்கிறது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் இஞ்சின் சத்தம்கூட வாசலில் கேட்கிறது. ஆனால் புருஷனைப் பறிகொடுத்த பெண் வருஷம் திரும்பும் முன்னே சினிமாவுக்குப் போவதாவது.

கொழுந்தன் வீரபாகுவைக் கூப்பிட்டாள்.

"தம்பி, ஒரு உதவி பண்ணோணும். கொட்டகையில கொக்குப் படம் போட்டா, நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லோணும். கொக்கு தொட்டியிலிருந்து துணியை எடுத்துக் கவுத்துல போடும். போட்டதும் அது சொட்டுதா, கனமாத் தொங்குதா, அத மட்டும் பாருங்க."

"இவ்வளவுதானுங்களா அண்ணி" என்று போனான். மறுநாள் காலை வந்து பெரிய படத்தின் கதையை ஆதியிலிருந்து சொன்னான். ராணி காட்டுக்குப் போனாள், மந்திரி ஏமாற்றினான், பாட்டு பதினைந்து. பெரியநாயகி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"கொக்கு?"

"வந்துச்சுங்க. துணி போட்டுச்சு. காத்து வந்துச்சு. கொக்கையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிருச்சு. எல்லாரும் ஒரே சிரிப்பு."

"துணி ஈரமா இருந்துச்சா?"

"படத்துல எப்படிங்க அண்ணி ஈரமா இருக்கும்? அது காடாத்துணித் திரைதானே."

உள்ளேயிருந்து மாமியார் நல்லம்மாள் குரல் கொடுத்தாள். "ஏண்டி, எம்பையனைப் பொதைச்ச எடத்துல புல்லு மொளைக்கல. நீ கொக்கு வேட்டி தொவைச்சுதா, கோமணம் தொவைச்சுதான்னு விசாரிக்கற. ஊருல கேட்டா வாயால சிரிக்க மாட்டாங்க."

பெரியநாயகி மறுபடியும் வீரபாகுவை அனுப்பினாள். அந்த முறை அவன் பீடி குடிக்க வெளியே நின்றுவிட்டு, உள்ளே போகும்போது பொம்மைப் படம் முடிந்திருந்தது. இன்னொரு நாள் சர்க்கார் உத்தரவு என்று யுத்தப் படம் ஓட்டினார்கள், கொக்கு வரவில்லை. அடுத்த நாளும் யுத்தம். கண் இருக்கிறது, கால் இருக்கிறது, போய் உட்காரவும் முடிகிறது, இருந்தும் ஒரு துணியைப் பார்த்துவிட்டு வர ஒரு ஆம்பிளைக்கு முடியவில்லையே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராட்டையை வேகமாகச் சுற்றி நூலை அறுத்துக்கொண்டாள். அறுந்ததை முடிந்தாள். மறுபடி அறுத்தாள்.

கடைசியாக ஒரு காலையில் வீரபாகு முகமெல்லாம் மலர வந்தான்.

"பாத்துட்டேனுங்க அண்ணி. அண்ணன் சொன்னதுதான் செரி. சொட்டுச் சொட்டா வடிஞ்சுது. கவுறு கனத்துல தரையைத் தொட்டுருச்சு. எண்பதுங்க, எண்பதே."

பெரியநாயகி ராட்டையை நிறுத்தினாள். பிறகு கேட்டாள். "கொக்கு மொதல்ல எதைப் போட்டுது தம்பி?"

"வேட்டியைத்தானுங்க."

"கரை இருந்துச்சா?"

"நல்ல அகலக் கரைங்க. அரக்குக் கலரு."

வெள்ளைக்காரன் வரைந்த கொக்கு அரக்குக் கரை வேட்டி துவைத்திருக்கிறது. அதுவும் கறுப்பு வெள்ளைப் படத்தில். அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். கண்ணில் நீர் வந்தது.

"நேத்து நீங்க கொட்டகைக்கே போகலீல்ல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க சங்கடப்படறதப் பாக்க முடியலீங்க. எங்கண்ணன் ஜெயிச்சா உங்களுக்கும் நல்லதுதானேன்னு..."

"நீங்க சொல்லி உங்கண்ணன் ஜெயிச்சா அது ஜெயிச்சதாகாதுங்க."

அன்றைக்கே, கொட்டகை அந்த வாரத்தோடு ஊரை விட்டுக் கிளம்புகிறது என்று தெரிந்தது. லைசென்ஸ் முடிந்துவிட்டது. பெரியநாயகி பக்கத்து வீட்டு முத்தாயம்மாளைப் போய்க் கேட்டாள். முத்தாயம்மாளும் தாலி இழந்தவள்தான், ஆனால் இருபது வருஷப் பழசு. அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை.

"வாரேன். ஆனா ஒண்ணு, என்னைப் பாதியில எழுப்பிக் கூட்டிட்டு வந்துராத. நீங்க ரெண்டு பேரும் அப்படித்தானாமா. நான் ராணி காட்டை விட்டு வந்தாளான்னு பாத்துட்டுத்தான் எந்திரிப்பேன்."

நல்லம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். மருமகள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு படி இறங்குவதைப் பார்த்தாள். எங்கே என்று கேட்கவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. கேட்காமலே இருந்தது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

பெண்கள் பக்கத்தில் இவளைக் கண்டதும் இரண்டு மூன்று பேர் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி, "பாவம், பைத்தியம் புடிச்சிருக்கும்" என்று தாராளமாகக் காதில் விழும்படி சொன்னாள். பெரியநாயகி எல்லாருக்கும் முன்னால் போய் மணலில் உட்கார்ந்தாள். இனி யார் எழுந்து நின்றாலும் மறைக்க முடியாது.

முதலில் யுத்தம். கப்பல், பீரங்கி, சல்யூட் அடிக்கிற சிப்பாய்கள். நடுவில் ஒரு தேசப்படம் வந்தது. அதன்மேல் ஒரு கறுப்பு அம்பு ஊர்ந்து ஊர்ந்து போயிற்று. அதுவும் வரைந்ததுதான் என்று அவளுக்குப் பட்டது. அம்பின் ஓரம் நடுங்கியது. இருபதுகூடத் தேறாது. பழக்கத்தில் இரண்டு விரலைத் தூக்கிக்கொண்டு தட்டிப் பக்கம் திரும்பிவிட்டாள். தட்டிக்கு மேலே வெறும் பீடிப் புகைதான் இருந்தது. விரலை மடக்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கொக்கு வந்தது.

தொட்டி வந்தது, சோப்பு நுரை வந்தது. கொக்கு அலகால் ஒரு நீளமான சட்டையைக் கவ்வி எடுத்தது. முறுக்கிப் பிழிந்தது. கயிற்றை நோக்கி நடந்தது. கொக்கு கழுத்தை நீட்டியது. திரை ஒரு துள்ளுத் துள்ளியது. சட்டை காற்றில் பறந்துகொண்டிருந்தது.

நடுவில் ஒன்றுமே இல்லை. போட்டதும் இல்லை, தொங்கியதும் இல்லை. கொக்கு கயிற்றின் இந்தப் பக்கம் இருந்தது, உடனே அந்தப் பக்கம் இருந்தது. சுற்றிலும் எல்லாரும் சிரித்தார்கள்.

ரீல் மாற்ற விளக்குப் போட்டதும் அவள் எழுந்து பின்னால் மிஷின் ரூமுக்குப் போனாள். ஆபரேட்டர் கண்ணுசாமி வியர்வை வழிய அடுத்த ரீலை மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, கொக்குப் படத்துல ஒரு எடம் காணோமே."

"அதுங்களா. அந்த எடத்துல பிலிம் அந்து அந்து போச்சுங்க. வெட்டிட்டு ஒட்டிட்டேன்."

"எப்ப வெட்டுனீங்க?"

"கொஞ்ச நாளாச்சு. மொத நாளு நல்லாத்தான் ஓடுச்சு. மறுநாளே அந்திருச்சு."

அவளும் கந்தவேலும் பார்த்தது முதல் நாள். மறுபடி போய்ப் பார்க்கலாம் என்று அவன் சொன்னது மறுநாள்.

"வெட்டுன துண்டு இருக்குங்களா?"

"குப்பைக்குப் போயிருச்சுங்க."

"அதுல என்ன இருந்துச்சுன்னாச்சும் சொல்லுங்க. துணி சொட்டுச்சா?"

கண்ணுசாமி ரீலை மாட்டி முடித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். எரிந்துவிழுகிற ஆள் இல்லை அவன். "படம் ஓடறப்ப நான் எங்கீங்கம்மா திரையைப் பாக்கறேன்? மிஷினைத்தான் பாத்துட்டு இருப்பேன்."

முத்தாயம்மாளுக்காக அவள் பெரிய படம் முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. ராணி காட்டை விட்டு வந்தாள். முத்தாயம்மாள் அழுதாள்.

வீட்டில் நல்லம்மாள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். வீரபாகு தூணோரம் நின்றான். பெரியநாயகி படியேறியதும் மாமியார் அவள் முகத்தைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அவன் சொன்னதுதானா?"

பெரியநாயகி மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாளும் இந்த அம்மாளும் அதற்காகத்தான் காத்திருந்தாளா? ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று பேரும் நிம்மதியாகச் சோறு தின்னலாம்.

"தெரியலீங்க அத்தை. அந்த எடத்தை வெட்டிட்டாங்க."

"வெட்டிட்டாங்கன்னா?"

"இல்லீங்க. அது இனி எங்கயும் இல்ல."

நல்லம்மாள் அப்போதுதான் தெருவை விட்டு மருமகள் பக்கம் திரும்பினாள். "அப்பச் சும்மா எண்பதுன்னே வெச்சுக்கயேன் சாமி. போனவனுக்கு விட்டுக் குடுத்தா என்ன கொறைஞ்சு போச்சு?"

"நான் குடுத்துருவேனுங்க அத்தை. அவரு வாங்கிக்க மாட்டாருங்க."

நல்லம்மாள் எழுந்து போய் மருமகளுக்குச் சோற்றைப் போட்டு வைத்தாள்.

அந்த வாரக் கடைசியில் கொட்டகையைப் பிரித்து மூங்கிலும் கீற்றும் இஞ்சினுமாக வண்டிகளில் ஏற்றிச் சேந்தமங்கலத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் வெட்டி ஒட்டிய அந்தக் கொக்குப் படத்தை முதலில்தான் ஓட்டினார்கள், சனங்கள் இடம் பிடித்து உட்கார்ந்து முடிவதற்கு முன்னால்.