ஐசுலு சொல்லாமல் விட்ட பெயர்கள்

எனக்குச் சொந்த ஊர் குளச்சல். பெயர் பெபின். துபாய் அல் கூஸில் ஒரு கலைக்கூடத்தில் புரொஜெக்டர், ஸ்பீக்கர், வயரிங் எல்லாம் என் டியூட்டி. போன நவம்பரில் கஜகஸ்தானிலிருந்து ஐசுலு மேடம் கண்காட்சி வைக்க வந்தபோது பத்து நாள் அவரோடுதான் வேலை.

கஜக் வீடுகளில் பிள்ளைகள் தகப்பன் வழியில் ஏழு தலைமுறைப் பெயர்களை மனப்பாடமாகச் சொல்ல வேண்டுமாம். மேடம் அதை வைத்துத்தான் எல்லாம் செய்திருந்தார். இருட்டறை, நடுவில் ஒரு மைக். முன்னோர் பெயரைச் சொல்லச் சொல்ல எதிர்ச்சுவரில் ஒவ்வொருவராக நிழல் மனிதர்கள் எழுந்து வருவார்கள். ஏழும் சொன்னால் சுவர் முழுக்கப் புல்வெளி விரியும். நடுவில் நின்றால் இருண்டுவிடும்.

மைக்கைச் சோதிக்க என்னை நிறுத்தினார். "ஜான் பீட்டர், சவரிமுத்து" என்றேன். அப்பாவும் தாத்தாவும் எழுந்தார்கள். பிறகு இருட்டு.

"அவ்வளவுதானா பெபின்?"

"அவ்வளவுதான் தெரியும் மேடம்."

"எனக்கு அஞ்சு வயசிலேயே ஏழும் தெரியும்" என்று சிரித்தார். படித்தது, வளர்ந்தது எல்லாம் ரஷ்ய மொழியில். கஜக் அவருக்குத் திக்கித் திக்கித்தான் வரும். "நான் கஜக்குன்னு சொல்லிக்க என்கிட்ட இருக்கிறது இந்த ஏழு பேருதான்" என்று டீ குடிக்கும்போது ஒருமுறை சொன்னார்.

திறப்புக்கு இரண்டு நாள் முன்பு, காலையில், கஜகஸ்தானில் கரகண்டா நகரத்திலிருக்கும் அப்பாவை வீடியோவில் அழைத்தார். அந்தப் பெயர்களை அப்பா குரலிலேயே பதிவு செய்ய ஆசை. நான் ஹெட்போனை மாட்டி உட்கார்ந்தேன். பெரியவர் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு சொல்லத் தொடங்கினார். நாலாவது பெயரில் மேடம் நிறுத்தி ஏதோ கேட்டார். பெரியவர் மறுபடி சொன்னார், இந்த முறை வேறு பெயர். மேடம் திரும்பவும் கேட்க, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாக, நெடுநேரம் பேசினார். மொழி புரியவில்லை. மேடத்தின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன்.

போனை வைத்ததும் சொன்னார். "தாத்தா முப்பதுகள்ல எங்க நாட்டுல வந்த பெரிய பஞ்சத்துல தப்பிச்சு அநாதை விடுதியில வளர்ந்தவர். அவரைப் பெத்தவர் பேரே அவருக்குத் தெரியாது. என்னை யாரும் கேலி பண்ணிடக் கூடாதுன்னு அப்பாவே அஞ்சு பேரு கற்பனை பண்ணிச் சொல்லிக் கொடுத்திருக்கார். இப்போ அவருக்கே மறந்துபோச்சு."

"தண்ணி வேணுமா மேடம்?" என்றேன்.

கலைக்கூட டைரக்டர் ரீமா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "யாருக்குத் தெரியப்போகுது? ஏழும் இருக்கட்டும். புல்வெளி வரலைன்னா ஷோவே இல்லை" என்றார்.

திறப்பன்று மேடமே மைக் முன் நின்றார். "செரிக், தௌலெத்." அப்பாவும் தாத்தாவுமாக இரண்டு நிழல்கள் எழுந்தன. அதோடு நிறுத்திக்கொண்டார். சுவர் இருண்டது. வந்திருந்த ஐம்பது பேரும் காத்திருந்தார்கள். ரீமா என் காதருகே, "யல்லா பெபின், சீக்கிரம் என்னன்னு பார்!" என்றார்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு மிஸ்."

யாரோ இருமினார்கள். ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.

மறுநாள் ரீமா ஒரு தாளைக் கொடுத்தார். 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக மூடப்பட்டுள்ளது.' நான்தான் கதவில் ஒட்டினேன். மேடம் நின்று படித்தார்.

"பழியை உன் தலையில போட்டுட்டாங்களே."

"பரவாயில்லை மேடம்."

மூன்று வாரம் நடக்க வேண்டிய கண்காட்சி அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. மேடம் நாலாம் நாளே கிளம்பிவிட்டார். டாக்ஸிக்குக் காத்திருந்தபோது அப்பாவுக்கு மூன்று தடவை போன் போட்டார். எடுக்கவில்லை.

"அந்த நாலாவது பேரை நான் கேட்டிருக்கவே கூடாது" என்றார். "எழுபத்தெட்டு வயசுல அவரைக் கூனிக்குறுக வச்சுட்டேன்."

பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் அதே சுவரில் வேறொரு ஓவியரின் படங்களை மாட்ட ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது மேடத்திடமிருந்து மெசேஜ் வந்தது. அப்பா போனை எடுத்துவிட்டாராம். அங்கே பனி அதிகம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.